கருங்கீரியின் வம்சம்

பெருமாள் துணை

வடமதுரை,
22.1.2024

அன்புத் தங்கை சூர்யகலாவுக்கு அண்ணன் ஆனந்த்ராஜ் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். ஹைதராபாத்தில் குளிர் எப்படி? அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. என் போனைப் பொங்கலன்று களத்தில் போலீஸ் பிடுங்கிக்கொண்டது. அதனால்தான் கடிதம்.

கலா, நம் கருங்கீரிச் சேவல் செத்துவிட்டது. மாட்டுப் பொங்கலன்று புளியந்தோப்பில் விட்டேன். எதிரே அந்தோணிராஜ், அதான் ஓடைக்கு அந்தப் பக்கத்து ராயப்பராஜின் மச்சினன், ஒரு சேவலைத் துண்டில் மூடிக் கொண்டுவந்தான். துண்டை எடுத்ததும் களமே அமைதியாகிவிட்டது. அதுவும் கருங்கீரி. நம்முடையதைப் போலவே இடது காலில் ஒரே ஒரு வெள்ளை நகம். முதலில் பறந்து பின்னால் விழுந்து அடிக்கிற அதே அடி. இரண்டாவது பறப்பில் அதன் காலில் கட்டிய கத்தி நம் சேவலின் வயிற்றைக் கிழித்தது. குடல் தரையில் இழுபட இழுபட எழுந்து நின்று ஒரு கொத்து கொத்தியது நம் பிள்ளை. பிறகு என் காலடியில் வந்து விழுந்தது.

அதற்கு மேல்தான் விஷயம். ராயப்பன் எங்கிருந்தோ ஓடிவந்தான். ஜெயித்த மச்சினனைத் தூக்கிக் கொண்டாடுவான் என்று பார்த்தால், எல்லோர் முன்னாலும் பளாரென்று அறைந்தான். "யாரக் கேட்டு இதக் களத்துக்குக் கொண்டாந்த?" என்றான். ஜெயித்தவனை எவனாவது அறைவானா? திருட்டு வெளியே வந்துவிட்டதே என்ற பயம். நம் பெட்டையின் முட்டையைத் திருடி அடை வைத்திருக்கிறான் அவன்.

சொந்த ரத்தத்தைக் களத்தில் எதிரெதிரே விடக் கூடாது என்பது உனக்கும் தெரியும். என் கையாலேயே அண்ணன் தம்பியை விட்டுக் கொல்ல வைத்துவிட்டான். எது எதிலிருந்து பிறந்தது என்று பார்ப்பதுதானே உன் வேலை. களத்தில் கிடந்த இறகுகளைப் பொறுக்கி இத்துடன் வைத்திருக்கிறேன். ரத்தம் காய்ந்த பழுப்புக் கவரில் இருப்பது அவனுடையது. பார்த்துச் சொல்.

இப்படிக்கு,
அண்ணன் ஆனந்த்ராஜ்


ஹைதராபாத்,
6.2.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டும். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

கருங்கீரி போனதில் எனக்கும் வருத்தம்தான். அதன் கொத்து வாங்கிய தழும்பு இன்னும் என் கையில் இருக்கிறது. ஆனால் நிறத்தையும் நகத்தையும் வைத்து நீ தீர்ப்பே எழுதிவிட்டாய். எங்கள் தொழிலில் முதலில் கற்றுக்கொள்வதே கண்ணை அளவோடு நம்பு என்பதைத்தான். மரநாய் என்கிறோம், அது பூனைப் பக்கத்து ஆள். உன் சேவலுக்குப் பேர் கொடுத்த கீரியும் அந்தப் பக்கம்தான். முள்ளெலி எலியே இல்லை. முதலையைப் பார்த்தால் பெரிய பல்லி மாதிரி இருக்கும், ஆனால் அது பல்லியைவிட உன் பஞ்சாரத்துக் கோழிக்குத்தான் நெருங்கிய சொந்தம். யார் யாரோடு ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்தார்கள், யார் முதலில் பிரிந்தார்கள், இதை வைத்துத்தான் நாங்கள் உயிர்களை வகை பிரிக்கிறோம். சாயல் ஏமாற்றும்.

இந்த இரண்டு இறகை வைத்து உறவு உண்டா என்று ஓரளவு சொல்லலாம். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று சொல்ல முடியாது. மரத்தில் எது அடி, எது கிளை என்று தெரிய வேண்டுமானால் இரண்டு வீட்டுக் கோழிகளும் வேண்டும். ராயப்பண்ணனிடம் கேட்டு அவர்கள் கோழிகள் நாலைந்தின் இறகை அடித்தண்டோடு வாங்கி, காகிதக் கவரில் போட்டு அனுப்பு. பாலிதீனில் போட்டால் ஈரம் கட்டிக் கெட்டுவிடும்.

கேட்டு வாங்கு. மறுபடியும் சொல்கிறேன், கேட்டு வாங்கு.

உன் தங்கை,
கலா


வடமதுரை,
27.2.2024

அன்புத் தங்கைக்கு,

அம்மா நலம். நான் முக்கால்வாசி நலம்.

நீ கேட்ட இறகு இத்துடன் இருக்கிறது. கேட்டு வாங்கச் சொன்னாய். திருடனிடம் போய்த் திருட்டுக்குச் சாட்சி கொடு என்று கேட்பார்களா? ஞாயிற்றுக்கிழமை அவன் குடும்பம் பூசைக்குப் போகிற நேரம் பார்த்து ஓடையைத் தாண்டிப் போனேன். பஞ்சாரத்தைத் தூக்கி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பிடுங்கினேன். கோழிகள் போட்ட கூச்சலில் ராயப்பன் பெண்சாதி அன்புக்கரசி வெளியே வந்துவிட்டாள். காய்ச்சலென்று பூசைக்குப் போகவில்லையாம். "ஏண்ணே, இது என்ன வேல?" என்று சட்டையைப் பிடித்தாள். உதறினேன். தண்ணீர்த் தொட்டி விளிம்பில் போய் விழுந்தாள். நெற்றி பிளந்து மூக்கின் மேல் ரத்தம் ஒழுகியது. தள்ள வேண்டும் என்று தள்ளவில்லை, அது பெருமாளுக்குத் தெரியும்.

அந்த நேரம் பார்த்து ராயப்பன் வந்துவிட்டான். பெண்சாதி கிடந்த கோலத்தைப் பார்த்தான். என்னைக் கீழே போட்டு ஏறி உட்கார்ந்து, வலது கை நடுவிரலைப் பின்பக்கமாக மடக்கினான். அது ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. நான் அவன் தோளில் பல் பதியக் கடித்தேன். ஆட்கள் வந்து பிரித்தார்கள். இறகை மட்டும் மடியிலிருந்து விடவில்லை.

என் மேல் கேஸ் கொடுத்திருக்கிறார்கள். விரலில் கட்டுப் போட்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். நம் வீட்டுக் கோழிகளின் இறகையும் தனிக் கவரில் வைத்திருக்கிறேன். சீக்கிரம் பார்.

அண்ணன்


ஹைதராபாத்,
8.3.2024

அண்ணாவுக்கு,

நலம். உன் நலத்தை இந்த முறை விசாரிக்க மனம் வரவில்லை.

அன்புக்கரசி அக்காவுக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறதாம். பக்கத்து வீட்டுப் போனில் அம்மா சொன்னாள். நான் காலேஜில் சேரும்போது என் பெட்டியைத் திண்டுக்கல் வரைக்கும் தன் பைக்கில் வைத்துக் கொண்டுவந்து விட்டவர் ராயப்பண்ணன். நீ அன்றைக்கு மில்லில் ஷிப்ட் என்று வரவில்லை. ஒரு கோழி இறகுக்காக நீ அவர் வீட்டுக்குள் போய் ரத்தம் பார்த்திருக்கிறாய். அந்த இறகைக் கேட்டவள் நான் என்பதால் எனக்கும் அதில் பங்கு உண்டு.

இறகுகள் வந்து சேர்ந்தன. முடிவு தெரியக் கொஞ்ச நாள் ஆகும். அதுவரை ஓடையைத் தாண்டாதே.

கலா


வடமதுரை,
30.3.2024

தங்கைக்கு,

ஓடையைத் தாண்டாதே என்று எழுதினாய். நான் தாண்டவில்லை, அவர்கள் தாண்டினார்கள். போன வாரம் நான் ஷிப்டுக்குப் போயிருந்தபோது அந்தோணிராஜும் கூட நாலு பேரும் வந்து, பஞ்சாரத்தில் இருந்த அத்தனை கோழியையும் கழுத்தைத் திருகி ஓட்டுக்கூரை மேல் எறிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அம்மா வாசலில் உட்கார்ந்திருக்கிறாள், கூரையிலிருந்து ரத்தம் அவள் மடியில் சொட்டியிருக்கிறது. வீட்டுக்குள் அடைகிடந்த பெட்டையும், அய்யலூரில் பழக விட்டிருந்த இளஞ்சேவலும்தான் மிச்சம்.

அந்தோணிராஜைப் பஸ் ஸ்டாப்பில் பிடித்தேன். சைக்கிள் செயினால் அடித்ததில் அவன் முன்பல் இரண்டும் ரோட்டில் கிடந்தன. அப்போதும் "நீ ஒரு முட்டத் திருடனுக்காக இம்புட்டு அடி வாங்கணுமாலே?" என்றுதான் கேட்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. ராயப்பனைக் கேட்டால்தான் தெரியும்.

அருவாளைப் பட்டறையில் கொடுத்துத் தீட்டி வாங்கிவிட்டேன். கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. நீ பெரிய விளக்கமெல்லாம் எழுத வேண்டாம். ஒரே ரத்தம்தான் என்று ஒரு வார்த்தை எழுது. மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். உறவே இல்லை என்று நீ எழுதினால், அவன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன். இது அம்மா மேல் சத்தியம். நடுவில் வேறு எதையும் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

அண்ணன்


ஹைதராபாத்,
19.4.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

முடிவு வந்துவிட்டது. இரண்டு வீட்டுக் கோழிகளுக்கும் உறவு இல்லை. நிறம் ஒத்துப்போனது தற்செயல். முட்டை எதுவும் திருடு போகவில்லை.

அம்மா மேல் செய்த சத்தியத்தைக் காப்பாற்று. அருவாளைக் கிணற்றில் போடு.

கலா


பெருமாள் துணை

வடமதுரை,
7.5.2024

அன்புத் தங்கை கலாவுக்கு அண்ணன் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ராயப்பன் வீட்டுக்குப் போனேன். அந்தோணிராஜ் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். நான் நேரே அன்புக்கரசி காலில் விழுந்தேன். அவள் அழுதுவிட்டாள். ராயப்பனிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். அவன் நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"கலாவா எழுதுச்சு?" என்றான்.

"ஆமா. மிசின்ல பாத்து எழுதியிருக்கு."

"அப்ப நாங்கதான் தப்பா நெனச்சுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றான். என்னத்தை என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "விடு, செத்த நேரம் உக்காரு, காப்பி குடி" என்றான். கேஸை வாபஸ் வாங்குகிறேன் என்றும் சொன்னான்.

இத்தனை வருஷமும் அவன் தன் சேவலை நம் சேவலோடு மட்டும் களத்தில் ஜோடி போட மாட்டான். கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்வான். இப்போது நானே கேட்டேன். வஞ்சமெல்லாம் தீர்ந்துவிட்டது, உன் கருங்கீரியும் என் இளஞ்சேவலும் ஒரு தடவை நேருக்கு நேர் நிற்கட்டும் என்றேன். உன் கடிதத்தை மறுபடி வாங்கிப் பார்த்தான். பிறகு சரி என்றான். வருகிற ஞாயிற்றுக்கிழமை புளியந்தோப்பில், கூட்டம் சேர்க்காமல், எங்களுக்குள் மட்டும். ஒரு வார்த்தை எழுதி இரண்டு குடும்பத்தைச் சேர்த்து வைத்துவிட்டாய்.

அண்ணன்


ஹைதராபாத்,
11.5.2024

அண்ணா,

கடிதம் இன்றுதான் கிடைத்தது. பக்கத்து வீட்டுப் போன் எடுக்க மாட்டேன் என்கிறது. ராயப்பண்ணன் எண் என்னிடம் இல்லை. இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன்.

சேவலை விடாதே. காரணம் கேட்காதே. விடாதே.

கலா


மத்திய சிறை, மதுரை,
21.6.2024

தங்கைக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அம்மாவை அத்தை வந்து பார்த்துக்கொள்கிறாள்.

உன் ஸ்பீட் போஸ்ட் வந்தபோது நான் ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். அம்மா கொண்டுவந்து கொடுத்தாள். ஏன் விடக் கூடாது என்று நீ எழுதவில்லை.

நடந்ததை நானே சொல்கிறேன். கத்தி கட்டி முடித்து இருவரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். சேவல்களை மூக்கோடு மூக்கு வைத்து உசுப்பேற்றினோம். என் சேவல் திமிறியது. அவன் ஒடித்த விரல் இன்னும் சரியாக மடங்காது, பிடி நழுவிவிட்டது. சேவல் எதிர்ச் சேவலுக்கு மேலே பறந்து அவன் மேல் விழுந்தது. கத்தி அவன் தொடை இடுக்கில் இறங்கியது. அவன் "ஒண்ணுமில்லடா" என்றுதான் சொன்னான். அப்புறம் வேட்டி முழுக்கச் சிவப்பாகிவிட்டது. குழாய் உடைந்த மாதிரி அடித்தது ரத்தம். என் முஷ்டியை அந்தக் காயத்துக்குள்ளேயே வைத்து அழுத்தினேன். வண்டியில் திண்டுக்கல் போகிற வழியெல்லாம் அழுத்திக்கொண்டே இருந்தேன். அவன் என் கையைப் பிடித்திருந்தான். பாதி வழியில் அந்தப் பிடி தளர்ந்துவிட்டது.

போலீஸ் இதைக் கொலை என்கிறது. வீடு புகுந்து அடித்தவன், பஸ் ஸ்டாப்பில் செயினால் அடித்தவன், பட்டறையில் அருவாள் தீட்டியவன், இவன் வேண்டுமென்றேதான் சேவலை மேலே விட்டான் என்று எழுதியிருக்கிறார்கள். நீ எழுதிய கடிதம்தான் வழி என்கிறார் வக்கீல். உறவு இல்லை என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவன் மேல் பகை இல்லை. நீ கோர்ட்டுக்கு வந்து, இறகைப் பரிசோதித்தேன், உறவு இல்லை என்று கண்டேன், அதைத்தான் அண்ணனுக்கு எழுதினேன் என்று சொன்னால் போதும். என் வாழ்க்கை உன் வாயில் இருக்கிறது.

ஆனந்த்ராஜ்


சேசு மரி சூசை

14.7.2024

தங்கச்சி கலாவுக்கு அன்புக்கரசி எழுதுவது. நீ நலமா? இங்கே நலம் என்று எழுத வரவில்லை.

உன் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல் என்று கேட்க எழுதவில்லை. என் தம்பி அந்தோணி தோப்பில்தான் இருந்தான். கை நழுவிய மாதிரிதான் இருந்தது என்கிறான், கோர்ட்டிலும் அதையே சொல்வான். எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டும்.

உன் அப்பாவுக்கும் என் மாமனாருக்கும் ஒரு பேச்சு உண்டு. ஒரு வருஷம் கழிச்சல் நோய் வந்து உங்கள் வீட்டுக் கோழி பூராவும் செத்துப்போனதாம். மாமனார் எங்கள் கருங்கீரிப் பெட்டை ஒன்றை யாருக்கும் தெரியாமல் உன் அப்பாவிடம் கொடுத்தார். அடுத்தவன் பெட்டையில் வம்சம் எடுத்தவனுக்குக் களத்தில் மரியாதை கிடையாது. அதனால் வெளியே சொல்ல வேண்டாம் என்று உன் அப்பா கேட்டுக்கொண்டார். இரண்டு வீட்டுச் சேவலும் எந்தக் காலத்திலும் எதிரெதிரே நிற்கக் கூடாது என்று மாமனார் கேட்டுக்கொண்டார். பெட்டையின் தலையில் கை வைத்து இருவரும் சத்தியம் செய்தார்கள். என் வீட்டுக்காரருக்கு இது தெரியும். அதற்காகத்தான் பொங்கலன்று என் தம்பியை அறைந்தார். உன் அப்பா பேர் கெட்டுவிடும் என்றுதான் உன் அண்ணன் அத்தனை அடிதடி செய்தபோதும் வாய் திறக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது, "வேண்டாம், சத்தியம் இருக்கு" என்றேன். "படிச்ச புள்ள மிசின்ல பாத்துச் சொல்லியிருக்கு, அன்பு. அப்பாவுக ரெண்டு பேரும் ஏதோ கத விட்ருக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடக்கம் முடிந்து வந்து எங்கள் வீட்டுக் கோழி அத்தனையும் நானே கழுத்தைத் திருகிப் போட்டேன். அந்த இறகு நிஜமாக என்ன சொன்னது கலா?

அன்புக்கரசி


ஹைதராபாத்,
29.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கேள்விக்கு முதலில் பதில். ஒரே வம்சம். உங்கள் வீட்டுக் கோழிகளுக்குள் பல கிளைகள் இருந்தன. எங்கள் வீட்டுக் கோழிகள் எல்லாமே அதில் ஒரு கிளையில் முளைத்த சிறு கொப்பு. உங்களிடமிருந்துதான் எங்களுக்கு வந்திருக்கிறது. ராயப்பண்ணன் நினைத்தது சரி.

ஏப்ரலிலேயே இது எனக்குத் தெரியும். ஒரே ரத்தம் என்று எழுதினால் அடுத்த வரியை அண்ணன் படிக்க மாட்டான், அருவாளோடு ஓடையைத் தாண்டிவிடுவான் என்று பயந்தேன். நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது என்று எழுதினால், திருட்டை மூடி மறைக்கக் கட்டிய கதை என்பான் என்று நினைத்தேன். அதனால் இல்லை என்று எழுதினேன். உறவு இல்லாத சேவல்களைக் களத்தில் விடலாம் என்பது சின்ன வயதிலிருந்து எனக்குத் தெரிந்த விஷயம். அது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ராயப்பண்ணன் உயிரைக் காப்பாற்றத்தான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பித்தான் அவர் தோப்புக்குப் போயிருக்கிறார்.

வக்கீலிடம் பேசினேன். உண்மையைச் சொன்னால் ஏன் பொய் எழுதினாய் என்று கேட்பார்களாம். அண்ணன் கொன்றுவிடுவான் என்று பயந்தேன் என்பதுதான் பதில். கூடப் பிறந்தவளே அப்படி நினைத்தாள் என்றால் அதற்கு மேல் சாட்சி எதற்கு என்கிறார். ஆனாலும் வேறு எதையும் என்னால் சொல்ல முடியாது. இந்தக் கடிதத்தின் நகலை அண்ணனுக்கும் அனுப்புகிறேன்.

கலா


மத்திய சிறை, மதுரை,
18.8.2024

கலாவுக்கு,

நலம். மனுப் போட்டு அம்மா வந்து பார்த்தாள். வீட்டில் மிச்சமிருந்த அந்த அடைக்கோழியை, குஞ்சுகளோடு அன்புக்கரசி வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியிருக்கிறேன். வளர்த்தாலும் சரி, திருகிப் போட்டாலும் சரி, அது அவர்கள் வீட்டுக் கோழி.

நகல் வந்த அன்று உன்னைக் கொல்ல வேண்டும் போல இருந்தது. சுவரில் கையை ஓங்கிக் குத்தினேன். நேராகி வந்த விரல் மறுபடி ஒடிந்துவிட்டது. பக்கத்துக் கொட்டடிக்காரர் மைதீன் பிச்சைதான் கட்டுப் போட்டுவிட்டார். இதை எழுதுவதும் அவர்தான், நான் சொல்லச் சொல்ல.

நீ உண்மையை எழுதியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று தினமும் யோசித்துப் பார்க்கிறேன். அப்பா அவர்களிடம் பெட்டை வாங்கியதைக் கேட்டு, தலையைக் குனிந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வரவில்லை. முதல் வரியைப் படித்ததும் கட்டிலுக்கு அடியில் கையை விட்டிருப்பேன். ராயப்பன் அன்றைக்கே செத்திருப்பான். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு சாகிற நிலைமைகூட இருந்திருக்காது.

என்னைப் பற்றி நீ நினைத்தது சரி. உன் பொய்யை மன்னித்துவிட்டேன். கூடப் பிறந்தவள் என்னைப் பார்த்து அப்படிப் பயந்திருக்கிறாள் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

கோர்ட்டுக்கு வா. இறகு சொன்னதைச் சொல். நீ பயந்ததையும் சொல்.

உன் அண்ணன்
ஆனந்த்ராஜ்